பேறுகாலமும் இருதய நோயும்



வெளியூரில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் இரண்டு காரியங்கள் தாமாகவே நடக்கின்றன. ஊரிலிருக்கும் தாய்க்கும் மாமியாருக்கும் செய்தி பறக்கிறது. பிறகு, எந்த மாதத்தில் ஊருக்கு அனுப்புவது, யார் துணைக்குப் போவது, எந்த வண்டியில் இடம் பதிவு செய்வது என்ற யோசனை தொடங்குகிறது. ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இரண்டாவது காரியம் நன்கு பழக்கமானது. மாதந்தோறும் என் சாளரத்தின் முன் நம்மவர் பலர் அதற்காக வந்து நிற்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு காரியமும் நடக்க வேண்டும் என்று சொல்லவே இம்மாதம் இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் இருதயம் நலமாக உள்ளதா என்று வைத்தியரைக் கொண்டு அறிந்துகொள்ள வேண்டும். அதில் குறை இருந்தால், அதை மறைக்காமல் எழுத்தில் வாங்கி, அவள் போகுமிடமெல்லாம் அவளோடு அனுப்ப வேண்டும். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். இதனால் தப்பிய உயிர்களும் உண்டு. இது இல்லாமையால் போன உயிர்களும் உண்டு.

நான் வைத்தியம் படித்தவனல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு உத்தியோகத்தில் சேர்ந்தவன். டாக்டர்களிடம் கேட்டதையும், அவர்கள் எழுதியவற்றில் படித்ததையும், நம் குடும்பங்களில் கண்டதையும் கொண்டு எழுதுகிறேன். இதை வைத்தியமாகக் கொள்ளாமல், வைத்தியரிடம் போவதற்குத் தூண்டுகோலாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இருதயத்தின் சுமை

நம் இருதயம் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை மிகுகிறது. இருதயம் இறைக்கும் இரத்தம் 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. இவ்வுயர்வு முதல் மூன்று மாதங்களிலேயே தொடங்கி, ஏழாம் எட்டாம் மாதங்களில் உச்சத்தை எட்டுகிறது. நலமான இருதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். குறையுள்ள இருதயமோ, அதுவரை எந்தத் தொல்லையும் தராமல் இருந்ததாயினும், அப்போதுதான் முதன்முதலாகத் தன் குறையை வெளியே காட்டுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஏழாம் மாதம் நம் வீடுகளில் வளைகாப்பும் சீமந்தமும் நடக்கும் மாதம். அது முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். டில்லியிலிருந்து சென்னைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல்; வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் போதா. இருதயம் மிகுதியாக உழைக்கும் அதே வாரங்களில் அவள் இவ்வளவு தூரம் பயணம் செய்கிறாள். தன்னை ஆறு மாதம் பார்த்த டாக்டரை விட்டு, தன்னைப் பற்றி ஏதும் அறியாத டாக்டரிடம் போய்ச் சேருகிறாள். தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் தவறென்று நான் சொல்லவில்லை. தாயின் கைச்சோற்றுக்கு ஈடான மருந்து இல்லை. ஆனால் பெண் போகும்போது, அவளைப் பற்றிய செய்தியும் கூடப் போக வேண்டும்.

குறை எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் கருவுற்ற பெண்களிடம் காணப்படும் இருதய நோய்களில் முதன்மையானது, இளமையில் வந்த ஒரு காய்ச்சலின் விளைவு. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொண்டைப் புண் வருகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வலிக்கின்றன. டாக்டர்கள் இதனை ருமாட்டிக் காய்ச்சல் என்கிறார்கள். வளர்கிற வயதின் வலி என்று வீட்டில் எண்ணிக்கொள்வதும் உண்டு. மூட்டுவலி சுவடின்றி மறைந்துவிடும். ஆனால் இருதயத்தின் வால்வில் தழும்பு தங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு அது தடித்துச் சுருங்கும்.

மிகுதியாகக் கெடுவது இருதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள மைட்ரல் வால்வு. நலமாயிருக்கும்போது அது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அது 1.5 சதுர சென்டிமீட்டருக்கோ அதற்கும் கீழோ சுருங்கினால் கடுமையான சுருக்கம் என்கிறார்கள். ரயில் நிலையத்தில் இருப்பவனாதலால் எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் நிலையத்தின் வாயில்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பூட்டிவிட்டால், இறங்கிய கூட்டம் மேடை முழுதும் தேங்கி, மேம்பாலம் வரை பின்னே நிற்கும். அவ்வாறே சுருங்கிய வால்வைக் கடக்க முடியாத இரத்தம் பின்வாங்கி நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் மூச்சுத் திணறல். கர்ப்ப காலத்தில் கூட்டமும் பெருகுகிறது. நாடி விரைவதால் வாயில் திறந்திருக்கும் நேரமும் குறைகிறது.

இரண்டாவது வகை, பிறவியிலேயே இருதயச் சுவரில் துளை முதலிய குறைகள் உள்ளவர்கள். இளமையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நலமாக வளர்ந்து, இன்று தாயாகும் வயதை அடைந்திருக்கும் பெண்கள் பலர். மூன்றாவது வகை, முன்பு எந்த நோயும் இல்லாமலிருந்து, கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பின் 5 மாதத்துக்குள்ளோ இருதயத் தசையே தளர்ந்துபோவது.

சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர்கள் 2016 முதல் 2019 வரை, இருதய நோயுள்ள பெண்களின் 1,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருதய நோய் உண்டென்பதே அந்தக் கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலில் தெரிந்திருக்கிறது. 100-க்கு ஏறத்தாழ 2 தாய்மார் இறந்தனர், ஏனையோர் பிழைத்தனர். இந்தக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இருதய நோயுள்ள பெண் தாயாகவே முடியாது என்பது பொய். அச்சப்பட ஒன்றுமில்லை என்பதும் பொய்.

ஒரு குடும்பத்தில் நடந்தது

எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். எழுதும்படி சொன்னவளே அந்தப் பெண்தான்.

அவளுக்கு 9 வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. அன்று முதல் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. திருமணப் பேச்சு வந்தபோது, "இதை அங்கே சொல்ல வேண்டாம்; சொன்னால் எந்த இடமும் அமையாது" என்று பெற்றோர் அஞ்சினர். திருமணமாகி வடக்கே வந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாததால் ஊசி நின்றது.

மூன்றாம் ஆண்டில் கருவுற்றாள். ஐந்தாம் மாதத்தில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கிற்று. அக்கம்பக்கத்தார், "முதல் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று தேற்றினார்கள். ஆறாம் மாதத்தில் இரவில் படுக்க முடியவில்லை. கணவர் உறங்கிய பின் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவர் விழித்துக் கேட்டால், குழந்தை உதைக்கிறது என்பாள்.

சீமந்தத்துக்காக ஊரிலிருந்து வந்த மாமியார் ஒருநாள் நடுஇரவில் எழுந்தபோது, மருமகள் சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

"என்னடி அம்மா, தூக்கம் வரவில்லையா?"

"படுத்தால் மூச்சு முட்டுகிறது, அத்தை."

"எத்தனை நாளாக?"

அப்பெண் அழுதுகொண்டே ஒன்பது வயதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் மகனை எழுப்பினார். விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. எக்கோ பரிசோதனையில் வால்வின் சுருக்கம் தெரிந்தது. நீரை வெளியேற்றவும் நாடியைத் தணிக்கவும் மருந்து கொடுத்தார்கள். பிறகு வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி, தொடை நரம்பின் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரித்தார்கள். சீமந்தம் நடக்கவில்லை. ஊருக்கும் அனுப்பவில்லை. அவளுடைய தாய்தான் இங்கு வந்தார். ஒன்பதாம் மாதம் நிறைந்து, அறுவையின்றிப் பெண் குழந்தை பிறந்தது.

சம்பந்திகள் சந்தித்தபோது கணவர் கோபமாக ஏதோ பேசத் தொடங்கினார். மாமியார் அவரை நிறுத்திவிட்டு, பெண்ணின் தாயைப் பார்த்துச் சொன்னாராம்: "நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் நான் கல்யாணத்தை நிறுத்தியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியாது. ஆனால் கல்யாணம் ஆன மறுநாள் சொல்லியிருந்தால், ஊசியை நிறுத்த விட்டிருக்க மாட்டேன்."

அந்தப் பெண் என் மனைவியிடம் பின்னொரு நாள் சொன்னது இது: "மூச்சுத் திணறுவது கூடக் கஷ்டமாக இல்லை, அக்கா. திணறுவது பிறருக்குத் தெரியாமல் மூச்சு விடப் பழகியதுதான் கஷ்டம்."

மறைக்கச் செய்வது யார்?

இச்செய்தியைக் கேட்டு அப்பெண்ணின் பெற்றோரைப் பழிப்பது எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள். நோயைச் சொன்ன வீட்டில் நாம் பெண் எடுப்போமா? ஜாதகம் பொருந்தவில்லை என்று சாக்குச் சொல்லி விலகிப்போக மாட்டோமா? உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனையும் மறைப்பவருக்குத் திருமணமும் கிடைக்கும் வரை, பெற்றோர் மறைக்கவே செய்வார்கள். மறைக்கச் செய்வது நாமும்தான்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமணத்துக்கு முன்பே இருதய டாக்டரிடம் அழைத்துச் சென்று, இவள் இல்வாழ்க்கை நடத்தலாமா, கருத்தரிக்கலாமா, எந்த அளவு எச்சரிக்கை வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பல சமயங்களில் அந்தக் கடிதம் நீங்கள் அஞ்சுவதை விட நல்ல செய்தியையே சொல்லும். அதைக் காட்டிப் பேசுங்கள். பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகள் வீட்டில் கால் வைத்ததும், "உனக்கு வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோ ஊசியோ உண்டா, அம்மா? இருந்தால் சொல், தவறாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியூரில் வந்து நிற்கும் பெண்ணுக்கு இதை விடப் பெரிய சீதனம் இல்லை.

கருத்தரிக்கும் முன்

உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஒரு பகுப்பை டாக்டர்கள் கையாளுகிறார்கள். தாய்க்கு நேரக்கூடிய ஆபத்தைக் கொண்டு இருதய நோய்களை வரிசைப்படுத்துவது அது. முதல் வரிசையில் உள்ளோர் ஏறக்குறைய மற்றப் பெண்களைப் போலவே பேறு காணலாம். கடைசி வரிசையில் உள்ளோர் கருத்தரிக்காமல் இருப்பதே நலம். நுரையீரல் இரத்தக் குழாயில் மிகுந்த அழுத்தம் உள்ளவர்களும், இருதயத் தசை மிகவும் நலிந்தவர்களும், வால்வின் கடும் சுருக்கத்துக்குச் சிகிச்சை பெறாதவர்களும் அவ்வரிசையில் சேர்கிறார்கள்.

"சிகிச்சை பெறாதவர்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சுருக்கத்தை விரித்துவிட்டால் அதே பெண் கீழ் வரிசைக்கு வந்துவிடுகிறாள். 1925-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி சௌட்டர் என்னும் வைத்தியர் ஓர் இளம் பெண்ணின் இருதயத்துக்குள் விரலை விட்டு மைட்ரல் வால்வைத் திறந்தார். 1982-ஆம் ஆண்டு ஜப்பானின் கஞ்சி இனோவே மார்பைத் திறக்காமலே பலூனால் விரிக்கும் முறையைச் செய்து காட்டினார். இன்று நம் நாட்டின் பெருநகரங்களில் இது வழக்கமான சிகிச்சை. வால்வு அதற்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். இதைக் கருத்தரிக்கும் முன் செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் இரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அம்மாத்திரை முதல் மூன்று மாதங்களில் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும். அதற்கு அஞ்சித் தாமாக நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. எப்போது எதை மாற்றுவது என்பதை டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். இரத்தக் கொதிப்புக்கும் இருதயத் தளர்ச்சிக்கும் தரும் எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளும் கர்ப்ப காலத்தில் ஆகாதவை. பென்சிலின் ஊசியோ, ஒவ்வாமை இல்லாதவர்களுக்குக் கர்ப்ப காலத்திலும் தீங்கற்றது. அதை நிறுத்தக் கூடாது.

கருத்தரிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த வீட்டில் துக்கம் உண்டாகும். அத்துக்கத்தை மனைவி தனியாகச் சுமக்கும்படி விடாதீர்கள். கருத்தடையிலும் கணவர் பங்கு கொள்ள வேண்டும். சில இருதய நோய்களில் கருத்தடை மாத்திரை இரத்தத்தை உறையச் செய்யும். பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்தின் ஆபத்தும் உண்டு. கணவர் செய்துகொள்ளும் அறுவையோ சில நிமிட வேலை. ஆயினும் நம்மவர் அதை நினைப்பதே இல்லை. எதிர்பாராமல் கரு உண்டாகித் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு வழி செய்திருக்கிறது. வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே அதற்குப் போதும். முடிவை அவள் விரைவில் எடுக்க முடிய வேண்டும். பிந்தினால் ஆபத்து மிகும்.

எவை அபாயக் குறிகள்?

கர்ப்பிணிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குவதும், மாலையில் கணுக்கால் சற்று வீங்குவதும் இயல்பே. ஆனால் மல்லாந்து படுக்க முடியாமை, நடுஇரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல், இரத்தமோ இளஞ்சிவப்பு நுரையோ கலந்த இருமல், மயக்கம், மார்பு வலி, ஓய்விலும் அடங்காத படபடப்பு ஆகியவை இயல்பல்ல. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். "முதல் பிள்ளை, அப்படித்தான்" என்று நாம் அன்போடு சொல்லும் வார்த்தை ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிடக் கூடும்.

முதல் பரிசோதனையிலேயே டாக்டரிடம், "இருதயத்தையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா, ஊசி போட்டார்களா, அறுவை நடந்ததா என்பதைக் கேளாமலே சொல்லிவிடுங்கள். 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டமும் உண்டு. பிறவிக் குறையுள்ள தாயாயின், 18 முதல் 22 வாரங்களுக்குள் சிசுவின் இருதயத்தையும் எக்கோ செய்து பார்ப்பது வழக்கம்.

அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாமல் எப்படி என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். 1917-ஆம் ஆண்டு பர்மாவில் மகுவே நகரில் பிறந்த டாக்டர் எஸ். பத்மாவதியும் ஊர்விட்டு ஊர் போன குடும்பத்தின் மகள்தான். ரங்கூனில் வைத்தியம் கற்றவர். 1942-ஆம் ஆண்டு யுத்தத்தினால் தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்று, 1954-ஆம் ஆண்டு டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் இருதய நோய்ச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். வட இந்தியாவில் இத்துறைக்கு அதுவே தொடக்கம் என்று போற்றுகிறார்கள். பெண்களுக்கென்று ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் அது தொடங்கியது என்பது நினைக்கத் தக்கது. 2020-ஆம் ஆண்டு, 103-ஆம் வயதில் அவர் காலமானார். அந்நிய ஊரும் நம் ஊரே என்று வாழ்ந்து காட்டியவர் அவர்.

பயணமும் பத்திரமும்

இருதயக் குறையுள்ள பெண் ஊருக்குப் போகலாமா என்பதை முதலில் டாக்டரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம். தாயை இங்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். போகலாம் என்றால், இருதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒருங்கே உள்ள ஆஸ்பத்திரியை ஊரில் முன்பே பார்த்து வையுங்கள். அது தாய்வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிக்கு அருகில் போய்த் தங்கலாம்.

கையில் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்ல வேண்டியவை இவை: நோயின் பெயர், எந்த வால்வு, எவ்வளவு சுருக்கம், கடைசி எக்கோ எடுத்த தேதி, முன்பு நடந்த அறுவை, சாப்பிடும் மருந்துகளும் அளவும், கடைசி ஊசி போட்ட தேதி, ஒவ்வாத மருந்து, பார்த்துவந்த டாக்டரின் தொலைபேசி எண். இதை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு டாக்டரைக் கேளுங்கள். ஒரு பிரதி பெண்ணின் கைப்பையில், மற்றொன்று துணை போகிறவரிடம் இருக்கட்டும். பெட்டியின் அடியில் வைத்த தாள் உதவாது.

என் இலாகாவைச் சேர்ந்த செய்தி சில. கர்ப்பிணிகளுக்கெனக் கீழ்ப் படுக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. டாக்டர் சான்றுடன் முன்பதிவு அலுவலகத்தில் நேரில் வந்து கேளுங்கள். இருதய அறுவைச் சிகிச்சைக்காகப் போகும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும், ஆஸ்பத்திரி தரும் உரிய படிவத்தின்பேரில், படுக்கை வகுப்பில் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. வண்டியில் உடல்நிலை கெட்டால் 139 என்ற எண்ணுக்குச் சொன்னால் அடுத்த நிலையத்தில் வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்காராமல், அவ்வப்போது எழுந்து சில அடி நடப்பது நல்லது.

பிரசவமும் அதற்குப் பின்னும்

இருதய நோய் என்றால் வயிற்றைக் கிழித்தே எடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலோருக்கு வலியைத் தணித்து, கடைசிக் கட்டத்தில் கருவியின் துணையோடு நடக்கும் இயற்கைப் பிரசவமே நல்லது. ஆனால் செய்தி தெரியாத இடத்தில், நலமான பெண்ணுக்கு உதவும் காரியமே இவளுக்குத் தீங்காகும். தாராளமாக ஏற்றும் சலைன் நுரையீரலை நிரப்பிவிடும். இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரின் ஊசி, குறையுள்ள இருதயத்துக்கு ஆகாது. அந்த ஒரு தாள் பிரசவ அறையில் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணிவிடாதீர்கள். கருப்பை சுருங்கும்போது அங்கிருந்த இரத்தம் ஒரேயடியாக இருதயத்துக்குத் திரும்புகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களே மிகுந்த கவனத்துக்கு உரியவை. வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படாதீர்கள். பத்தியச் சாப்பாட்டில் உப்பையும், ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றையும் குறையுங்கள். பிறகு ஐந்து மாதம் வரை புதிதாக மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ வந்தால், பிள்ளை பெற்ற களைப்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இருதய நோயுள்ள தாயும் பெரும்பாலும் பாலூட்டலாம். உலோக வால்வுக்காக வார்ஃபாரின் சாப்பிடும் தாயும் ஊட்டலாம்.

அப்புறம்தான் நீண்ட காலத் தாய்மை தொடங்குகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏற முடியாத தாய்; அது ஓடினால் பின்னால் ஓட முடியாத தாய்; பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையைத் தூக்கி ஆட்டுவதைப் பார்த்துப் பேசாமலிருக்கும் தாய். ஊரில் என்றால் பாட்டியும் அத்தையும் சித்தியும் இருப்பார்கள். இங்கே நாம்தான் இருக்கிறோம். மாடி ஏறும்போது அவளுடைய குடத்தையும் சேர்த்துத் தூக்குவதும், சாயங்காலம் ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்வதும், 21-ஆம் நாள் ஊசிக்குத் துணையாகப் போவதும் பெரிய தர்மங்கள். சங்கத்து மாதர் பிரிவினர் இத்தகைய வீடுகளுக்கு முறை வைத்துச் செல்ல முன்வரலாம். செயலாளரிடம் பேசியிருக்கிறேன், பெயர் கொடுக்க விரும்புவோர் அவரிடம் கொடுக்கலாம். உதவி வேண்டுவோர் பெயர் வெளியே வராது.

குழந்தைகளின் தொண்டைப் புண்ணையும் மூட்டு வலியையும் அலட்சியம் செய்யாதீர்கள் என்பதே கடைசியாகச் சொல்ல விரும்புவது. அன்றைக்குத் தக்க மருந்து கொடுத்தால், இருபது ஆண்டு கழித்து அப்பெண் மூச்சுத் திணறாமல் தன் குழந்தையைத் தூக்குவாள். சகோதரிகளே, உங்கள் இருதயத்தில் குறை இருந்தால் அது குற்றமன்று. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சகோதரர்களே, அவர்கள் அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடாக நம் வீடுகளை வைத்திருப்போம்.